டிஸ்கில் வைத்த பொட்டு

போன வாரம் காரை சர்வீசுக்கு விட்டிருந்தேன். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் ஏசியில் உட்காரவைத்துக் காபி கொடுத்தார்கள். யாரோ கதவைத் திறந்தபோது பிரேக் ஆயில் வாடை வந்தது. அவ்வளவுதான், திருநகரில் தாமோதரன் வீட்டு வாசலுக்குப் போய்விட்டேன்.

தாமோதரன் என்னோடு மில் ஆபீசில் வேலை பார்த்தவன். தொண்ணூறுகளின் கடைசி அது. இரண்டு பழைய கார்களைப் பிரித்து ஒரு காராக்கியிருந்தான். மீதியெல்லாம் தகரமும் வெல்டிங்கும் அவன் பிடிவாதமும்தான். ஓடுவதில் குறையே இல்லை, நிற்பதில்தான் தகராறு. ஒருமுறை பரவை மார்க்கெட்டில் வெங்காய மூட்டைமேல் மோதித்தான் நின்றது. கூட இருந்த அவன் மனைவி சரளா பஸ்ஸில் வீடு திரும்பினார். சௌராஷ்டிரக் குடும்பம், தங்களுக்குள் வீட்டுப் பாஷைதான். எனக்கும் சேர்த்துத் திட்டு விழும்போது மட்டும் தமிழுக்கு வந்துவிடுவார்.

"நிக்கிற வண்டியா செஞ்சு குடுங்கண்ணே. அதுவரைக்கும் இதுல நான் ஏற மாட்டேன்."

தாமோதரன் முகம் செத்துப் போயிற்று. பெண்டாட்டியைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டத்தானே இந்தக் கூத்தெல்லாம் அடித்தான்!

முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் என்று முடிவானது. பழைய இரும்புக் கடையில் பொறுக்கிய டிஸ்குகளை லேத்தில் கொடுத்துக் கடைந்தான். அதைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரின் ஓட்டை விரல்கடை தள்ளி இருந்தது. இரும்புப் பட்டையை அறுத்து, ராவி, எப்படியோ பொருத்தினான். நான் என்ன கிழித்தேன் என்று கேட்காதீர்கள். பைப்பிலிருக்கும் காற்று போக பெடலை மிதிப்பது என் உத்தியோகம். "மிதி மாப்ள... புடி... விட்ராத!" கால் மரத்துப்போகும்.

டயர் மாட்டும் நேரம் சரளா பூஜைத் தட்டோடு வந்தார். பழைய டிரம் பிரேக் மூடிக் கிடக்கும். இதுவோ கடைந்த கையோடு பளபளவென்று இருந்தது. விடுவாரா? சந்தனத்தைப் பட்டையாகப் பூசி, உதிராமல் இருக்க நல்லெண்ணெயில் குழைத்த குங்குமத்தைத் தாராளமாக வைத்தார். அறிவாளிகள் இருவரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு டயரை மாட்டினோம்.

நம்பி ஏறினார் சரளா. தெருமுனையில் தாமோதரன் பிரேக்கை மிதித்தான். நிற்கவில்லை. யார் வீட்டுக்கோ கொட்டியிருந்த மணல்தான் நிறுத்தியது. சரளா இறங்கி வீட்டுக்கு நடந்தார்.

டயரைக் கழற்றினால், டிஸ்கை உரசி நிறுத்த வேண்டிய பேடெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. "உன் வீட்டுக்காரி வச்ச பொட்டுடா!" என்றேன்.

"வாய மூடு மாப்ள. ஆசையா வச்சிருக்கா. நான்தான் காத்த சரியா எடுக்கலன்னு சொல்லிக்கிறேன்."

அப்படியே சொன்னான். டிஸ்கைத் துணியால் துடைத்து, பெட்ரோலில் கழுவி, புதுப் பேடு போட்டான். அடுத்த ஞாயிறு யாரும் கூப்பிடாமலே சரளா வந்து ஏறினார். வண்டியூர் தெப்பக்குளம் வரை போனோம். குறுக்கே மாடு வந்த இடத்திலெல்லாம் வண்டி கச்சிதமாக நின்றது. அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

சர்வீசிலிருந்து நேராகச் சரளாவைப் பார்க்கப் போனேன். அந்தக் காரை எடைக்குப் போட்டு நாளாயிற்று. தாமோதரன் போயும் இரண்டு வருஷம். மனசு கேட்காமல் பொட்டு விஷயத்தைப் போட்டு உடைத்தேன். சிரித்துவிட்டார்.

"தெரியும்ணே. அவரு டிஸ்க தொடச்ச துணியத் தொவச்சதே நான்தானே, குங்குமம் அம்புட்டும் அதுல இருந்துச்சு. என்னைய ஒண்ணும் சொல்லாம தம்மேல போட்டுக்கிட்டாருல்ல, அதான் ஏறுனேன்."

"அவன்ட்ட இதச் சொன்னியாம்மா?"

"எப்பவாச்சும் சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன்ணே."