ரேணிகுண்டாவில் நின்ற புள்ளி

2024 மே 14, செவ்வாய், காலை பதினொன்றேகால் மணி. அனல் காற்று. ரேணிகுண்டா ஸ்டேஷனில் சித்தூர் வண்டிக்காகக் காத்திருந்தேன். பக்கத்தில் நகரி விசைத்தறிக்காரர் ஒருவர். புருவத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. போனை வேட்டியில் துடைப்பதும் பார்ப்பதுமாக இருந்தார்.

"சார், தொட்டா அப்படியே நின்னுபூடுது. கொஞ்சம் பாரு சார்."

திரையில் வரைபடம், அதில் ஒரு நீலப் புள்ளி. வீட்டைவிட்டுப் போன மகனின் போன் இருக்குமிடமாம் அது. பத்து நாளாக இந்த ஸ்டேஷனையே காட்டுகிறது. இவரும் தினமும் வந்து உட்கார்ந்திருக்கிறார்.

மெமரியைப் பார்த்தேன். பதினான்கு செயலிகள் பின்னணியில் ஓடி இடத்தை அடைத்திருந்தன.

"எல்லாத்தையும் நிறுத்திடட்டுமா?"

"மேப்பை மட்டும் வுட்டுடு சார். நான் மூடிக்கினு இருக்கசொல்ல அவன் போனைத் தொறந்தான்னா?"

மற்ற பதின்மூன்றையும் நிறுத்தினேன். வரைபடம் வெளுத்து, மீண்டும் வந்தது. புள்ளி இப்போது திருச்சானூரில் இருந்தது. மெல்ல நகர்ந்தது.

"நடக்கிறான் சார்."

"போனை வேற யாராவது வெச்சிருக்கலாம்" என்றேன்.

"யாரு வெச்சிகினு இருந்தா இன்னா, அவங்களைக் கேக்கலாமே."

திரையைப் பார்த்தபடியே வெளியே போய் ஷேர் ஆட்டோவில் ஏறினார். அவர் எண்ணை வாங்கிக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை. அந்தப் போனோடு நடந்தது யார் என்பது இன்றுவரை தெரியாது. திரும்பி வருவார் என்று இரண்டு வண்டிகளை விட்டுவிட்டு மாலைவரை அங்கேயே இருந்தேன். பிறகு பஸ்ஸில் ஊர் வந்தேன். நூற்று இருபது ரூபாய்.