மைரான் திருப்பிக் கொடுத்த நாணயம்

கனடாவின் டாஃபின் ஊரில் மைரானை ஐஸ் வண்டிக்காரன் என்றால்தான் தெரியும். ஹாக்கி இடைவேளையில் வண்டியை ஓட்டி, திடலின் பனியை வழவழப்பாக்குவான். இளவயதில் மொடாக்குடியன். விட்டுப் பதினொரு வருஷம். குடியை விட்டவர்கள் செவ்வாய்தோறும் சர்ச்சின் கீழ்த்தளத்தில் கூடுவார்கள். பதினொரு வருஷம் குடிக்காமல் இருந்ததற்கு அங்கே கொடுத்த பித்தளை நாணயம் எப்போதும் அவன் சட்டைப்பையில் இருக்கும். கல்யாண மோதிரத்தைக்கூடக் கழற்றி வைப்பான், அதை வைக்கமாட்டான்.

இந்தக் குளிர்காலத்தில் அவனுக்குக் கால் தள்ளாடியது, பேச்சு குழறியது. வண்டியைத் தடுப்பில் முட்டினான். பழைய குடிகாரன் திரும்பி வந்துவிட்டான் என்று அவன் மனைவி ஓரிசியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயை மோந்து பார்த்தாள். டிரக்கைக் குடைந்தாள். ஃப்ரீசரில் பெரோகிக் கொழுக்கட்டைப் பைகளுக்கு அடியில்கூடத் துழாவினாள். ஒரு புட்டியும் இல்லை.

"ஒளிச்சு வைக்கிறதுல நீதான் கில்லாடியாச்சே! மரியாதையா செவ்வாக்கிழமை எல்லார் முன்னாடியும் ஒத்துக்கோ."

"நான் குடிக்கல, ஓரிசியா."

"அப்போ நேத்து வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி எங்க சுத்தின? சொல்லு!"

அவன் யோசித்தான். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

அந்தச் செவ்வாய்க் கூட்டத்தில் எழுந்து நின்றான். "அவ பொய் சொல்லமாட்டா. குடிச்சிருப்பேன். எனக்குத்தான் ஞாபகம் இல்ல" என்று நாணயத்தை மேசைமேல் வைத்தான். புதிதாக வருகிறவர்களுக்கான பிளாஸ்டிக் சில்லைக் கொடுத்துக் கைதட்டினார்கள். கூட வந்திருந்த ஓரிசியாவும் தட்டினாள், பாவி.

அப்புறம்தான் வின்னிபெக் டாக்டரிடம் போனார்கள். அவர் ஸ்கேனைக் காட்டினார்.

"மூளை சுருங்கியிருக்கும்மா. பழைய குடி கொஞ்சம், வயசு கொஞ்சம். முக்கியமா ரத்த அழுத்தம். கவனிக்காம விட்டதுல, வெளிய தெரியாத சின்னச் சின்ன பக்கவாதம் நிறைய வந்திருக்கு. தள்ளாட்டம், மறதி எல்லாம் அதனாலதான்."

"இப்பவும் குடிக்கிறாரே?"

"ரத்தத்துல அதுக்குத் தடயமே இல்லையே. யார் சொன்னது?"

சொன்னது தானேதான் என்று ஓரிசியா எந்த வாயால் சொல்வாள்?

திரும்பும் வழியில் மைரான் கேட்டான். "அப்போ நான் குடிக்கலையா?"

"இல்ல மைரான். நான்தான் புத்தி கெட்டுப்போய் உன்னை எல்லார் முன்னாடியும் நிக்க வச்சேன். மன்னிச்சிடு."

"அப்பாடா!" என்று சாய்ந்துகொண்டான். முகமெல்லாம் சிரிப்பு.

நீபாவா ஊர் தாண்டியதும் சட்டைப்பையைத் தடவினான். சில்லு தட்டுப்பட்டது. முகம் தொங்கிப்போயிற்று.

"மறுபடி குடிச்சுட்டேன்ல, ஓரிசியா? உன்னைத் தலைகுனிய வச்சுட்டேன்."

டாக்டர் சொன்னது அதற்குள் மறந்துபோய்விட்டது. அவள் அன்று சுமத்திய பழிதான் தங்கியிருந்தது. வெட்கத்தோடு அவள் டிரக்கை ஓரங்கட்டி, அந்தச் சில்லை வாங்கித் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.

"நீ குடிக்கல. செவ்வாக்கிழமை நான் எழுந்து நின்னு எல்லார்கிட்டயும் சொல்றேன்."

மைரான் அவள் கையைத் தட்டிக்கொடுத்தான். "நீ எதுக்கும்மா நிக்கணும்? குடிச்சது நான்தானே."