வக்கீலம்மாவின் சொந்த வழக்கு

சட்டம் படித்த வாசனைகூட அவளுக்குக் கிடையாது. எங்கள் முதியோர் இல்லத்தில் ஆயா வேலை. படுக்கையில் கிடப்பவர்களைப் புரட்டிப் போடுவது, குளிப்பாட்டுவது, ஊட்டுவது, கழிவு எடுப்பது. ஆனாலும் சமையல்கட்டு முதல் மேல்மாடி வார்டு வரை எல்லோருக்கும் அவள் வக்கீலம்மாதான். தற்காலிக ஊழியர்கள் அவளைத் தங்கள் சங்கப் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். யாருக்காவது மெமோ வந்தால் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, அவர்களோடு நிர்வாகியின் அறைக்குப் போய் உட்கார்வாள். அப்படிப் போனவர்களில் அநேகமாக எல்லோரும் வேலையோடு திரும்பினார்கள்.

நான் அங்கே நர்ஸ், வார்டுப் பொறுப்பு என்னிடம் இருந்தது. அதனால் அவள் வேலை எனக்குத் தெரியும். ஆளைப் புரட்டும்போது முதுகை வளைக்காமல் முட்டியை மடக்குவாள். புரட்டிய கையோடு குதிகாலையும் இடுப்பெலும்பையும் பார்ப்பாள், சிவந்திருக்கிறதா என்று. ஊட்டும்போது முந்தைய வாய் இறங்கியதைத் தொண்டையில் பார்த்த பிறகுதான் அடுத்த கரண்டி. இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. சொல்லிக்கொடுத்தால் யாருக்கும் வரும். தினமும் செய்கிறவர்கள்தான் குறைவு. அவளுக்கு நாக்கு கொஞ்சம் நீளம். அதையும் சொல்லிவிட வேண்டும்.

நிரந்தரமாக்கும் பட்டியல் வரும்போதெல்லாம் அவள் பெயர் மட்டும் விட்டுப்போகும். அவள் காப்பாற்றிக் கரைசேர்த்தவர்கள் ஒவ்வொருவராக நிரந்தரமானார்கள். எந்த வேலை சொன்னாலும் அடுத்த நாளுக்குத் தள்ளிவிடும் ‘நாளைக்கு’ அண்ணன் நிரந்தரம். துணி அறையில் மடித்து அடுக்கிய போர்வைகளின் மேல் பட்டப்பகலில் குறட்டை விட்டுப் பிடிபட்ட தூங்குமூஞ்சியும் நிரந்தரம். அவர்களுக்கு வந்த மெமோக்களை எல்லாம் வக்கீலம்மா வாதாடி ரத்து செய்ய வைத்திருந்ததால் அவர்கள் மேல் ஒரு கறையும் இல்லை. கடைசிப் பட்டியல் வந்தபோது அவளுக்கு வயது வரம்பு நெருங்கிவிட்டது. அதிலும் அவள் பெயர் இல்லை. அடுத்த பட்டியலுக்குள் வயது தாண்டிவிடும், விண்ணப்பிக்கவே முடியாது.

அவள் வீடு ஒரு சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே இரண்டு அறைகள். கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். மாமியாருக்கு முழங்கால் மாற்று அறுவை செய்தாக வேண்டும். நிரந்தர ஊழியரின் குடும்பத்துக்கென்றால் மருத்துவச் செலவை இல்லம் ஏற்கும், தற்காலிகத்துக்கு ஏற்காது. நான் ஒரு நாள் அந்த முட்டியைப் பார்க்கப் போனபோது மாமியாருக்கும் மருமகளுக்கும் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

“ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் வாதாடுறே. உனக்குன்னு ஒரு வார்த்தை பேச வாய் வரலியா?”

“பேசினதாலதான் அத்தை இந்த நிலைமை.”

“அப்ப கொஞ்ச நாள் வாயை மூடிட்டு இருந்து பாரேன்.”

“அதையும் பார்த்தாச்சு. முறைக்கிறேன்னு எழுதி வச்சுட்டாங்க.”

மாமியார் என் பக்கம் திரும்பினாள். “கேட்டியாம்மா. இவளுக்கு பர்மனென்ட் வர்றதுக்குள்ள நான் பர்மனென்ட்டா படுத்துடுவேன்.”

எழுந்து நடக்கச் சொன்னேன். கட்டிலிலிருந்து கதவு வரை வருவதற்குள் சுவரை மூன்று இடத்தில் பிடித்தாள். பேச்சில் இருந்த தெம்பு காலில் இல்லை.

சங்கப் பிரதிநிதி என்பதால்தான் தன்னை ஒதுக்குகிறார்கள் என்று வக்கீலம்மா தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுத்தாள். விசாரணைக்குத் தேதி வந்தது. அவள் வேலையைப் பற்றிச் சொல்ல நானும், கூடப் பணிபுரிபவள் என்ற முறையில் தூங்குமூஞ்சியும் போனோம். ஒரு கால் ஆடும் மேஜை, பிளாஸ்டிக் நாற்காலிகள், தலைக்கு மேலே முனகும் மின்விசிறி. அதிகாரிக்குக் கடுமையான சளி. ஆவி பிடித்துவிட்டுப் படுத்திருக்க வேண்டியவர், கைக்குட்டையோடு உட்கார்ந்து நியாயம் கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் நிர்வாகி தனியாக வந்திருந்தார். ஒரு ஆயாவுக்குப் பதில் சொல்ல வக்கீல் எதற்கு என்று நினைத்திருப்பார். எதை மறுத்தாலும் சிரித்த முகத்தோடு மறுக்கும் மனிதர்.

“இவங்க மேல எங்களுக்கு எந்த விரோதமும் இல்ல சார். சங்கத்தையும் மதிக்கிறோம். ஆனா இவங்க வார்டுல இருக்கறதே இல்ல. அடிக்கடி இடத்தை விட்டுப் போயிடுறாங்க.”

“எங்கம்மா போவீங்க?” என்றார் அதிகாரி.

“இவர் ரூமுக்குத்தான் சார்.”

“அங்க எதுக்கு?”

“யாருக்காவது மெமோ குடுத்துட்டு விசாரணைக்குக் கூப்பிடுவாரு. பிரதிநிதி இல்லாம நடத்த முடியாதுன்னு எனக்கும் ஆள் விடுவாரு. நான் வார்டுல இல்லாத நேரமெல்லாம் இவர் கண்ணு முன்னாடிதான் சார் உக்காந்திருந்தேன்.”

அதிகாரி கைக்குட்டைக்குள் தும்மினார். தும்மல்தானா என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

நிர்வாகி அசரவில்லை. “இருக்கட்டும் சார். தகுதியைப் பார்த்துத்தான் எடுத்தோம். எடுத்தவங்க எல்லாரும் இவங்களைவிட நல்லா வேலை செய்யறவங்க.”

அதிகாரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வக்கீலம்மாவிடம் பொறுமையாக விளக்கினார். “அம்மா, விஷயம் சின்னதுதான். உங்களைவிட வேலையில குறைஞ்ச ஒருத்தரை எடுத்திருக்காங்கன்னு நீங்க காட்டினாப் போதும். அப்புறம் ஏன் உங்களை எடுக்கலைன்னு அவர்தான் சொல்லியாகணும். இதோ உக்காந்திருக்காங்களே, இந்தம்மாவையே எடுத்துக்குவோம். இவங்க உங்களைவிட நல்லா வேலை செய்றாங்களா?”

எனக்கு அப்பாடா என்று இருந்தது. இதைவிடச் சுலபமான கேள்வி உலகத்தில் இல்லை. வக்கீலம்மா திரும்பித் தூங்குமூஞ்சியைப் பார்த்தாள்.

நிர்வாகியின் முகம் மலர்ந்தது. “அவங்க எப்படி சார் சொல்லுவாங்க? இந்தம்மா துணி அறையில தூங்கினாங்கன்னு நான் விசாரிச்சப்போ இவங்க என் முன்னாடி என்ன சொன்னாங்க தெரியுமா? ‘இவங்க கைப்பக்குவம் வேற யாருக்கும் வராது, என்னைவிட நல்லா பாத்துக்குவாங்க’ன்னாங்க. என்னைவிடன்னு சொன்னாங்க சார். அதை நம்பித்தான் நாங்க அவங்களை எடுத்தோம். இன்னொருத்தர், கூப்பிட்ட குரலுக்கு வராத ஆளு. அவரைப் பத்தி, ‘பதட்டப்படாத மனுஷன், வயசானவங்களுக்கு அப்படிப்பட்டவங்கதான் வேணும்’னாங்க. இவங்க வாதாடினா கல்லும் எழுந்து வேலைக்கு வந்துடும் சார்.”

நான் வக்கீலம்மாவை முழங்கையால் இடித்தேன். “வேலையைக் காப்பாத்தச் சொன்ன பொய்னு சொல்லித் தொலையேன்.”

“சொன்னா நாளைக்கு வேற ஒருத்தருக்காக நான் பேசறப்ப யாரு சிஸ்டர் நம்புவா?” என்று முணுமுணுத்துவிட்டு, நிமிர்ந்து, “சொன்னது சொன்னதுதான் சார்,” என்றாள்.

அத்தோடு வழக்கு படுத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். மாமியாரின் முட்டி என் கண்முன் வந்து போனது. அப்போது பின்னாலிருந்த நாற்காலி நகர்ந்தது. தூங்குமூஞ்சி எழுந்து நின்றாள்.

“நான் தூங்கினேன் சார்.”

“சும்மா உக்காருடி,” என்றாள் வக்கீலம்மா.

“இல்லக்கா, சொல்லிடறேன். நல்லாவே தூங்கினேன் சார். அதுவும் ஒரு நாள் இல்ல. பிடிபட்டதுதான் ஒரு நாள். என் பேஷண்டுங்களையும் சேர்த்து இவங்கதான் புரட்டிப் போடுவாங்க.”

வக்கீலம்மா எழுந்துவிட்டாள். நாற்காலி சரிந்து விழுந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. “சார், இதை எழுதாதீங்க. தனக்கு எதிரா தானே வாக்குமூலம் குடுன்னு யாரையும் கட்டாயப்படுத்த முடியாது.”

“யாரும் கட்டாயப்படுத்தலையேம்மா. அவங்களாத்தானே சொல்றாங்க.”

“அப்ப மனசு கலங்கிப்போய்ச் சொல்றாங்க. வீட்டுல சின்னப் பிள்ளைங்க ரெண்டு. ரெண்டு ஷிஃப்டு சேர்த்துப் பாக்கச் சொன்னது யாரு? இவருதான். அசதியில கண்ணு சொக்கினா அதுக்குப் பேரு தூக்கமா சார்?”

“தூக்கம்தான்க்கா. கனவெல்லாம் வந்துச்சு.”

“நீ வாயை மூடு.”

அதிகாரி இரண்டு கையையும் உயர்த்தினார். “ஏம்மா, அவங்க உங்களுக்குச் சாதகமாப் பேசறாங்க. புரியுதா இல்லையா?”

“நல்லாவே புரியுது சார். அதுக்காக அவங்க வேலை போகணுமா?”

நிர்வாகி சிரிப்பதை நிறுத்தி நான் பார்த்தது அன்றுதான். எத்தனையோ மெமோக்களின் ஆற்றாமை ஒன்றாகப் பொங்கிவிட்டது போலிருக்கிறது. மேஜையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

“பாத்தீங்களா சார். இதைத்தான் சொல்ல வந்தேன். தன் கேஸை விட்டுட்டு அவங்க கேஸைப் பேச ஆரம்பிச்சுட்டாங்க. யார் மாட்டினாலும் இப்படித்தான் குறுக்க வந்து நிப்பாங்க. டெம்பரவரியா இருக்கறப்பவே இந்தப் பாடு. இவங்களை பர்மனென்ட் ஆக்கிட்டா நான் யார் மேல சார் நடவடிக்கை எடுக்கறது? அதுக்குப் பயந்துதான் நிறுத்தி வச்சோம்.”

அதிகாரி நெற்றியிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். பேனா மூடியைக் கழற்றினார்.

“கடைசியாச் சொன்னதை இன்னொரு தடவை மெதுவாச் சொல்லுங்க. எழுதிக்கிறேன்.”

நிர்வாகி குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

புகார் உண்மை என்று தீர்ப்பாயிற்று. நிரந்தரப் பணிக்கான ஆணை வந்தது. தூங்குமூஞ்சியை ஒன்றும் செய்யவில்லை. அந்தக் கதையை மறுபடி கிளற நிர்வாகிக்குத் தெம்பில்லை. மாமியாருக்கு முழங்கால் மாற்றினார்கள். சொல்லிக்கொடுத்த பயிற்சிகளைச் செய்யாமல் மருமகளைத் திட்டிக்கொண்டு நடக்கிறாள். நடக்கிறாள் என்பதுதான் முக்கியம்.

ஆனால் ஆணை கைக்கு வந்த வாரமே வக்கீலம்மாவின் பிரதிநிதிப் பதவி போய்விட்டது. தற்காலிக ஊழியர்களுக்குத் தற்காலிக ஊழியர்தான் பிரதிநிதியாக இருக்கலாம் என்பது சங்கத்தின் விதி. நிரந்தரமானவர்களுக்குத் தனிக் கிளை, அதற்கு வேறு பிரதிநிதி. தற்காலிகக்காரர்கள் கூடி, சலவைப் பிரிவிலிருந்து ஒரு அம்மாளைத் தேர்ந்தெடுத்தார்கள். இயந்திரச் சத்தத்தில் கத்திப் பேசியே பழகியவள், பட்டப்பெயர் சைரன். வக்கீலம்மா கதவைத் தட்டி, உட்காரச் சொன்ன பிறகுதான் உட்காருவாள். சைரனுக்கு அந்த இரண்டு பழக்கமும் இல்லை. முதல் விசாரணை முடிந்த அன்று மாலை நிர்வாகி காதுக்குப் பஞ்சு கேட்டு என் மேஜைக்கு வந்தார். கொடுத்தேன்.

சில நாள் கழித்து, வார்டுத் தாழ்வாரத்தில் வக்கீலம்மாவை அவர் நிறுத்தினார். அவள் இரண்டு கையிலும் வாளி.

“ஏம்மா, முதல் பட்டியல்லயே உங்களை எடுத்திருந்தா நீங்க இந்தப் பிரதிநிதி வேலைக்கே வந்திருக்க மாட்டீங்கல்ல?”

“வந்திருக்க முடியாது சார்.”

“இப்படி ஒரு விதி இருக்குன்னு எங்கிட்ட யாரும் சொல்லலியே.”

“சங்கத்தைப் பத்தி நீங்க எங்ககிட்ட எதுவுமே கேட்டதில்லையே சார்,” என்றாள் அவள். “கொஞ்சம் தள்ளிக்குங்க. வெந்நீர் ஆறுது.”