அம்மா கழுவாத தரை

மரத்தரை போடப் போகிறேன் என்று நான் சொன்னபோது வீட்டில் யாருக்கும் அது பிடிக்கவில்லை. பெங்களூர் ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டு மாடியில் அப்பா புதிதாக ஓர் அறை எழுப்பிக்கொண்டிருந்தார். எனக்கான அறை. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாட்களில் நான் கதவைச் சாத்திக்கொண்டு யாரோடு வேண்டுமானாலும் கத்தலாம் என்பதற்காக. டைல்ஸ் போட்டால் வேலை முடிந்தது, எதற்கு இந்த வம்பு என்றார் அப்பா. நான் விடவில்லை. ஒரு விஷயம் மண்டைக்குள் ஏறிவிட்டால் அதன் அடிவரை போய்ப் பார்க்காமல் எனக்குச் சோறு இறங்காது. மரம் ஈரத்தை எப்படிக் குடிக்கும், கோடையில் எப்படிச் சுருங்கும், சுவரோரம் ஏன் இடைவெளி விட வேண்டும், சிமெண்டுக்கும் மரத்துக்கும் நடுவில் ஏன் ஈரம் ஏறாத ஷீட் விரிக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் படித்தேன். ஆபீஸ் மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிட்டு, பலகையும் பலகையும் பூட்டிக்கொள்ளும் வீடியோக்களைப் பார்த்தேன். அந்த ஷீட்டை நானே தேடி வாங்கினேன். கரும்பச்சை நிறம், மேலே வெள்ளைக் கோடுகள். வந்த அன்று அதைப் பிரித்து முகர்ந்துகூடப் பார்த்தேன்.

வேலையைச் சித்தப்பாவிடம் கொடுத்தோம். வேறு யாரிடமாவது கேட்கலாமா என்ற பேச்சே எழவில்லை. சந்தாபுராவில் இன்டீரியர் வேலைக்கு அவர் கடை வைத்திருக்கிறார். அப்பாவும் அவரும் தங்கவயலிலிருந்து ஒரே ரயிலில் பெங்களூருக்கு வேலைக்கு வந்து போன அண்ணன் தம்பிகள். ஒருவர் இடம் பிடித்து வைக்க, இன்னொருவர் ஓடி வந்து ஏறிய கதையை இரண்டு பேரும் இன்னும் சொல்வார்கள். நடுவில் தாத்தாவின் வீடு விஷயமாகச் சில வருஷம் பேச்சே இல்லாமல் இருந்து, பிறகு சேர்ந்தார்கள். அந்த வருஷங்களைப் பற்றி மட்டும் யாரும் சொல்வதில்லை.

என்னென்ன செய்வீர்கள் என்று எழுதித் தர முடியுமா என்று சித்தப்பாவிடம் கேட்டேன். அவர் அப்பாவைப் பார்த்துச் சிரித்தார்.

"அண்ணன் வீட்டு வேலைக்கு எழுதிக் குடுத்துட்டுதான் உள்ள வரணுமாண்ணா?"

அப்பா என்னை முறைத்தார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அறைக்குக் கீழ்த்தளச் சிமெண்ட் போட்டபோது மழை தொடங்கிவிட்டது. அது காய நாள் பிடிக்கும். ஆனால் ஆடி பிறக்கப் போகிறது என்று அப்பா காலண்டரைக் காட்டினார். ஆடியில் பால் காய்ச்ச முடியாது. ஆவணிவரை தள்ளிப்போட அவருக்கு மனசில்லை; அதற்குள் அத்தையிடம் தேதி வேறு சொல்லிவிட்டார். சிமெண்ட் காய்ந்துவிட்டதா என்று நான் சித்தப்பாவைக் கேட்டேன். குனிந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். அப்பளம் மாதிரி காய்ந்து கிடக்கிறது, நீ போய் உன் லேப்டாப்பைப் பார் என்றார். பலகை பூட்டிய நாட்களில் எனக்கு ஆபீஸில் தலை நிமிர முடியாத வேலை. மாலை வந்து பார்க்கும்போது பாதி அறை தேன் நிறத்தில் மின்னிக்கொண்டிருந்தது. ஷீட் விரித்தீர்களா என்று கேட்டதற்கு, விரிக்காமல் விடுவேனா என்றார். நான் அவரைக் கட்டிக்கொண்டேன்.

பால் காய்ச்சுவதற்கு முந்தின நாள் வீட்டைக் கழுவிவிடுவது எங்கள் வழக்கம். பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றி, துடைப்பத்தால் தள்ளி, வாசல்வரை ஓடவிட்டால்தான் அம்மாவுக்குக் கழுவியதாக அர்த்தம். மாடி அறைக்கு மட்டும் தண்ணீர் கூடாது என்று நான் மூன்று நாளாகப் பாடம் எடுத்திருந்தேன். அம்மா ஒரு துணியை நனைத்து, பிழிந்து, என்னைப் பார்த்து இன்னொரு முறை பிழிந்து, மண்டியிட்டுத் துடைத்தாள். நான் கதவருகே நின்று காவல் காத்தேன். துணி பட்ட இடம் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்தது. இது இண்டு இடுக்கு விடாமல் எனக்கு நினைவிருக்கிறது; அதனால்தான் சொல்கிறேன்.

ஆடி பாதியில் பலகைகள் வளைய ஆரம்பித்தன. ஒவ்வொரு பலகையும் ஓரங்கள் தூக்கி, நடுவில் குழிந்து, தண்ணீர் வாங்க நீட்டிய கை மாதிரி ஆனது. வெறுங்காலில் நடந்தால் வரிசையாக மேடு தட்டியது. நாற்காலிச் சக்கரம் தடதடவென்று ஓடியது. சுவரோரம் பலகைகள் நகர இடமில்லாமல் ஒன்றையொன்று முட்டி எழும்பின.

சித்தப்பா ஞாயிற்றுக்கிழமை சித்தியோடு வந்தார். நீலசந்திராவிலிருந்து அத்தையும் வந்திருந்தாள். எல்லாரும் மாடிக்கு வந்தார்கள். சித்தப்பா பாதத்தால் ஒரு பலகையைத் தடவிப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்து, விளையாட்டுக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

"அண்ணி, வெள்ளிக்கிழமையானா உங்க கை சும்மா இருக்காதே. பக்கெட்ட தூக்கிட்டு மாடிக்கும் வந்துட்டீங்க, இல்ல?"

நான் சிரித்தேன். அவ்வளவு அபத்தமாக இருந்தது. அம்மா இல்லை என்று சொல்லப் போகிறாள், அடுத்து நான் ஷீட்டைப் பற்றிக் கேட்கப் போகிறேன் என்று காத்திருந்தேன். அம்மா அப்பாவை ஒரு தடவை பார்த்தாள்.

"ஆமா தம்பி. பழக்க தோஷம்."

அத்தை தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். மாசக்கணக்கில் இந்தப் பொண்ணு படிச்சு படிச்சு சொல்லியும் கேக்கலையா என்று அம்மாவைக் கிண்டல் செய்தாள். அப்பாவின் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்ததை மட்டும் நான் பார்த்தேன். காரணம் கிடைத்துவிட்டது. அது தம்பி இல்லை.

சமையலறையில் அம்மாவைப் பிடித்தேன். ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டேன். அவள் கொத்தமல்லியை ஆய்ந்துகொண்டே இருந்தாள். அவர்கள் பேசாமல் இருந்த வருஷங்களில் உங்கப்பா எப்படி இருந்தார் என்று உனக்குத் தெரியாது, நீ சின்னப் பிள்ளை என்றாள். தரைதானே, போகட்டும் என்றாள். தரை போகட்டும்தான். ஆனால் செய்யாத ஒன்றை அவள் தலையில் தூக்கி வைத்துவிட்டு ஒருவர் கூடத்தில் உட்கார்ந்து வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த வார்த்தையை, அதே அத்தை முன்னால், அவர் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கப்புறம் எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

அடுத்த சனிக்கிழமை சொல்லாமல் சந்தாபுரா போனேன். கடைக்குப் பக்கத்துச் சந்தில் பிளைவுட் அடுக்கியிருந்தது. மழை படாமல் மேலே ஏதோ மூடிக் கட்டியிருந்தார்கள். கரும்பச்சை, வெள்ளைக் கோடுகள். நான் கிட்டப் போய்த் தொட்டுப் பார்த்தேன். தொட வேண்டிய அவசியமே இல்லை. என் ஷீட்டின் மேல் மழைத்தண்ணீர் குட்டையாக நின்றது. அடியில் பிளைவுட் சொட்டு ஈரமில்லாமல் இருந்தது. நல்ல ஷீட் என்று நான் தேர்ந்தெடுத்தது சரிதான் என்று அந்த நேரத்திலும் ஒரு நினைப்பு ஓடியது. பிறகுதான் அழுகை வந்தது.

சித்தப்பா மழுப்பவில்லை என்று சொல்ல ஆசைதான். முதலில் அது மிச்சத் துண்டு என்றார். அறை முழுக்க விரிக்க வாங்கியதில் இவ்வளவு மிச்சமா என்றதும் டீ சொன்னார். டீ வேண்டாம், வந்து ஒரு பலகையை என் கண் முன்னால் எடுங்கள் என்றேன்.

வந்தார். அப்பா வெளியே போயிருந்த நேரம் பார்த்து வந்தார். சுவரோரச் சட்டத்தைப் பெயர்த்து, ஓரப் பலகையை நெம்பினார். அடியில் டிவி பெட்டிக்குள் வருமே, அந்த வெள்ளை ஃபோம் மட்டும் இருந்தது. அதற்கும் கீழே சிமெண்ட் கறுத்து, விரல் வைத்தால் சில்லென்றது. பலகையின் மேல்பக்கம் காய்ந்திருந்தது, அடிப்பக்கம் ஊறியிருந்தது. சுவரோரம் இடைவெளியும் இல்லை.

"சரி பாப்பா. எல்லாத்தயும் எடுத்து, காயவிட்டு, புதுசா போட்டுத் தரேன். உங்கப்பா காதுக்கு மட்டும் போக வேணாம்."

"அம்மா கழுவலன்னு அத்தைகிட்ட சொல்லுங்க. அது போதும்."

தலையாட்டினார். ஆட்டியது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

சொன்னபடியே வேலையைச் செய்தார்; அதை மறைக்க மாட்டேன். பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்து, நடுநடுவே குச்சி வைத்து அடுக்கி, காற்றுப் போகவிட்டார். நான் ஈரம் அளக்கும் மீட்டர் ஒன்றை வாங்கி, காலையில் பல் தேய்த்ததும் போய்ச் சிமெண்டில் வைத்துப் பார்ப்பேன். ஆவணி போய், புரட்டாசியும் போனது. அவசரம் என்று ஒருவரும் சொல்லவில்லை. பெரும்பாலான பலகைகள் தாமாகவே தட்டையாகின. அடங்காத சிலதை மாற்றினார். புது ஷீட்டை நான் நின்று விரிக்கவைத்தேன். சுவரோரம் ஆப்பு வைத்து இடைவெளி விட்டுப் பூட்டினார். முடிந்தபோது தரையில் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். ஒரு மேடு இல்லை.

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு எல்லாரும் சாப்பிட வந்தார்கள். அத்தை மாடிக்கு ஏறிப் பார்த்து அசந்து போனாள். சித்தப்பா ஒரு தடவை செருமினார். இதோ சொல்லப் போகிறார் என்று நான் அத்தை பக்கத்தில் போய் நின்றேன்.

அண்ணி தண்ணி ஊத்திக் கெடுத்ததுதான், அதற்காக அண்ணன் வீட்டை அப்படியே விட முடியுமா, கையில் இருந்த வேலையை எல்லாம் நிறுத்திவிட்டு வந்து சும்மா செய்து கொடுத்தேன் என்றார். அப்பா அவர் தோளைத் தட்டினார். அத்தை சிரித்தாள்.

நான் சொல்லிவிட்டேன். அம்மா தண்ணீர் ஊற்றவில்லை, ஈரம் கீழிருந்து வந்தது, நான் வாங்கிக் கொடுத்த ஷீட் சந்தாபுராவில் பிளைவுட் மேல் கிடந்தது, நானே பார்த்தேன் என்றேன். அத்தையின் சிரிப்பு நின்றது. அப்பா தம்பியைப் பார்த்தார். சித்தப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. அம்மாவிடம்தான் கேட்டார், மெதுவாக.

"நீங்களே சொல்லுங்க அண்ணி."

அம்மா என்னைப் பார்த்தாள். கோபமில்லை, கெஞ்சல்கூட இல்லை. ஏற்கெனவே முடிவாகிவிட்ட ஒன்றை நான்தான் இன்னும் புரிந்துகொள்ளவில்லை என்பதுபோல ஒரு பார்வை.

"நான்தான் ஊத்துனேன்னு எத்தன வாட்டிடி சொல்றது? சித்தப்பாவ எதுத்துப் பேசாத. எல்லாரும் கீழ வாங்க, சாப்பாடு ஆறுது."

சித்தப்பா பொய் சொன்னதைக்கூட நான் எப்படியோ செரித்துக்கொண்டேன். அவருக்கு அதில் ஆதாயம் இருந்தது. அம்மா எனக்கு எதிராகச் சாட்சி சொன்னதை எந்தக் கணக்கில் வைப்பது என்று இன்றுவரை தெரியவில்லை. அவளுக்காகத்தான் பேசினேன் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னாள்.

இப்போது வீட்டுக்கு வரும்போதெல்லாம் அத்தை அம்மாவை வாசலிலேயே நிறுத்தி, கையில் பக்கெட் ஏதாவது இருக்கிறதா என்று சோதனை போடுவாள். அம்மா இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுவாள். அப்பாதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிப்பார். நான் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன்.