மாவடு ஜாடியில் இருந்த சில்லறை

யார் வீட்டிலாவது மாவடு ஜாடியின் துணிக்கட்டை அவிழ்த்தால் போதும். உப்பும் கடுகுமாய் அந்த வாசனை எழும்பிய மாத்திரத்தில் என் நாக்கு தடித்துப்போகிறது. இலை முன்னால் உட்கார்ந்தவன் எழுந்து போய்விடுகிறேன். பித்தம் என்று வீட்டில் சொல்லிக்கொள்கிறார்கள். இருக்கட்டும்.

இரண்டாம் உலக யுத்த காலம். திருவனந்தபுரத்தில் சில்லறை காணாமல் போயிருந்தது. சக்கரம் என்று நாங்கள் சொல்லும் அந்தச் சின்னஞ்சிறு காசுகள், எறும்புகளைப் போல, எந்தப் பொந்துக்குள் போயின என்று தெரியவில்லை. பழவங்காடியில் தேங்காய்க் கடைக்காரன் மீதிக்குப் பதில் முத்திரை குத்திய அட்டைத் துண்டைக் கொடுத்தான். அதை வாங்கிக்கொண்டு பிள்ளையாருக்கு விடலைத் தேங்காய் போட்டோம்.

கல்லூரியில் நான் தமிழ் ட்யூட்டர். பொருளாதாரம் நடத்தியவர் திருநெல்வேலிக்காரர். கரமனையில் எங்களுக்கு அடுத்தடுத்த அறை. அவர் ஓர் ஆராய்ச்சியில் முங்கிக் கிடந்தார்: நாணயக் கொள்கையை நம் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது? புத்தகத்தில் லண்டன், பவுன், ஷில்லிங். பிள்ளைகள் அதை நெட்டுருப் போடும். நம் சாலைக் கடைத்தெருவில் சில்லறை ஏன் இல்லை என்று கேட்டால் விழிக்கும்.

"புஸ்தகத்த முழுங்குதானுவ வே, செமிக்க மாட்டேங்கு" என்பார்.

ஒரு நாள் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். உன் வீட்டில் சில்லறை எங்கே இருக்கிறது? ஏன் வைத்திருக்கிறார்கள்? பெயர் எழுத வேண்டாம். "படிக்கப்போறது நாங்க ரெண்டு பேருதான். இந்த ரூமத் தாண்டாது. என் வாக்கு" என்றார். தமிழ் பேசும் பிள்ளைகள்கூட மலையாள எழுத்தில்தான் எழுதும்; அவருக்கு அது தெரியாது. வாசித்துச் சொல்லும் வேலை எனக்கு.

அரிசிப் பானை. சாமி படத்தின் பின்புறம். அப்பாவின் பழைய பூட்ஸ். ஒரு தாளில் மட்டும் இப்படி: "எங்காத்து பாங்கு மாவடு ஜாடி. அம்மாதான் கவர்னர். வட்டி கிடையாது, வாசனை உண்டு." கீழே காரணம். அம்மா அப்பளம் இட்டு விற்கிறாள், சக்கரமாகத்தான் கைக்கு வருகிறது, பரீட்சைக் கட்டணம் சேருகிறவரை ஜாடியைத் தொடக் கூடாது. பெயர் இல்லைதான். வகுப்பில் இருந்த நாலு பெண்களில் அது யார் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

நண்பர் துள்ளினார். "நாலு வரியில பாடத்த முடிச்சுட்டா வே! எங்க நம்பிக்க இருக்கோ, துட்டு அங்க போயில்லா உக்காருது!"

அந்த மாதமே சில்லறை பதுக்குவது குற்றம் என்று அறிவிப்பு வந்தது. நண்பர் தாள்களைப் பெட்டியில் பூட்டிச் சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டார். பெட்டிக்கு வெளியே இன்னொரு பிரதி இருந்தது. என் வாயில்.

சாயங்காலக் காப்பிக் கடை. எங்கள் கூட்டத்தில் ஒருவர் சர்க்கார் உத்தியோகஸ்தர், கவிதை வரிகளை ரசித்துக் கேட்பவர், அதனாலேயே எனக்குப் பிரியமானவர். நல்ல வரி ஒன்று கிடைத்தால் என்னால் வைத்துக்கொண்டிருக்க முடியாது. மாவடு ஜாடிப் பாங்கு, அம்மா கவர்னர் என்று ஒரு பெண் எழுதியதைச் சொல்லி, "வட்டி கிடையாது" என்று நிறுத்தி, ஒரு வாய் காப்பி குடித்து, அப்புறம் "வாசனை உண்டு" என்றேன். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள்.

"கொள்ளாமே சாரே! ஆரு அந்தக் குட்டி?" என்று மெச்சிக் கேட்டார் உத்தியோகஸ்தர்.

"நம்ம வலியசாலைதான். அப்பளம் இடுத மாமிக்க மக."

"ஓ! சரி, சரி." அன்று காப்பிக்கு அவரே காசு கொடுத்தார்.

மூன்றாம் நாள் காலை வலியசாலையில் அந்த வீட்டுக்கு இரண்டு காவலர்கள் போனார்கள். நேராக அடுக்களை, நேராக ஜாடி. தேடக்கூட இல்லை என்று தெருவே பேசியது. காசோடு தாயையும் கூட்டிக்கொண்டு போய் விசாரித்து, மாலையில் அவளை மட்டும் திருப்பி அனுப்பினார்கள்.

மறுநாள் அந்தப் பெண் கல்லூரி வராந்தாவில் வந்து நின்றாள். நண்பரைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள். "வாக்கு குடுத்தேளே சார்?" அவர் தலைகுனிந்தார். பக்கத்தில் நின்ற நானும் வாய் திறக்கவில்லை. வாயைத் திறக்கக்கூடாத இடத்தில் திறந்தவன், திறக்க வேண்டிய இடத்தில் மூடிக்கொண்டேன்.

அன்று மாலை கரமனைப் பாலத்தில் வைத்து அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுடைய பரீட்சைக் கட்டணத்தை எடுத்துக்கொண்டு இருவரும் வலியசாலைக்குப் போனோம். கதவு திறக்கவில்லை. அவள் பரீட்சை எழுதவில்லை. அவர் மறுபடி தாள் கொடுத்தபோது எல்லாப் பிள்ளைகளும் ஒரே வரி எழுதியிருந்தார்கள்: எங்கள் வீட்டில் சில்லறையே இல்லை. அதோடு ஆராய்ச்சி நின்றது. வருஷம் முடியுமுன் ராஜிநாமா எழுதிக் கொடுத்தார்.

இன்றும் கூட்டத்தில் எங்கேயாவது அவள் நிற்கிறாள். வயது ஏறாமல், அதே வராந்தா வெயிலில். கிட்டே போனால் வேறு யாரோ. சொல்ல வேண்டியதைப் பாதி உதட்டில் வைத்துக்கொண்டு திரும்பி வருகிறேன். சொல்லாமல் இருக்க எனக்கு அனுமதி உண்டு. அந்த அனுமதிதான் என்னை அரிக்கிறது.

அதைக் கொடுத்தவர் நண்பர். அவர் ஊருக்குக் கிளம்பிய அன்று ஸ்டேஷனில், வண்டி நகரத் தொடங்கியபோது, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன். "நாளைக்கே போயி நாந்தான்னு அவகிட்ட சொல்லிருதேன் ஓய்."

"சொல்லாதீரும். அவ என்னைய மட்டும் வெறுக்கட்டும். ரெண்டு வாத்தியாரும் இப்படித்தான்னு ஆயிட்டா, அந்தப் பிள்ள பெறவு ஆரத்தான் நம்பும் வே?"