குழல் கேட்காத கச்சேரி

நெய்வேலியில் எங்கள் குடியிருப்பு பிளாக்கின் பொங்கல் விழாவுக்கு ஆண்டுதோறும் ஒரே மெல்லிசைக் குழுதான் வரும். அதன் புல்லாங்குழல்காரர் என்றால் சுரங்கத்தில் வேலை பார்த்த என் கணவருக்கு உயிர்.

அன்று முன்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். குழல் மட்டும் தனியாக ஒலிக்கும் இடத்தில் கூட்டமே கைதட்டியது. என் கணவர் மட்டும் எழுந்து, "யோவ், குழல் மைக்கைப் போடுய்யா! அவரு சும்மா வாயில வச்சிக்கினு நிக்கிறாரு" என்று கத்தினார்.

"ஊருக்கே கேக்குது. உங்களுக்கு மட்டும் தனியா வாசிக்கணுமாண்ணே?" என்றார் மைக் செட்காரர்.

எல்லாருடனும் நானும் சிரித்தேன். அவர் என் பக்கம் குனிந்து, "நெசமாவே வாசிக்கிறாரா?" என்று கேட்டார்.

வீட்டில் அவர் உரக்கப் பேசுவதையும் டிவியை அலற விடுவதையும் சுரங்க இயந்திரச் சத்தத்தில் வேலை பார்த்த பழக்கம் என்றே நினைத்திருந்தேன். இங்கே பல வீடுகளில் அப்படித்தான் பேசுவார்கள். விழா முடிந்து காட்டியபோது, இரைச்சலில் போன செவி திரும்பாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதன்பின் அவர் கச்சேரிக்கு வருவதில்லை.

மகனும் இப்போது சுரங்கத்தில் காண்டிராக்ட் வேலை பார்க்கிறான். தினமும் அவனுடைய சாப்பாட்டுப் பையில் காதடைப்பான் வைக்கிறேன். பிரிக்காமலே திரும்பி வருகிறது.

"இதப் போட்டா பின்னாடி வண்டி வர்றது கேக்காதும்மா" என்கிறான்.

மறுநாளும் வைக்கிறேன்.