தப்பு காய்ந்த பிறகே சுருதி

போன மாதம் கும்பகோணத்தில் தங்கை பேரனுக்குக் கல்யாண வரவேற்பு. சாம்பாரில் உப்புக் கம்மி என்று பக்கத்து இலைக்காரரிடம் குறைபட்டுக்கொண்டிருந்தேன். மேடையில் கீபோர்டு வாசித்த பையன் ஒரு பொத்தானை அமுக்கினான். கணீரென்று தப்பு மேளச் சத்தம்! சாம்பார் மறந்துபோயிற்று. மூக்கில் வைக்கோல் புகை ஏறியது. ஏசி மண்டபத்தில் ஏதய்யா வைக்கோல் என்கிறீர்களா? சொல்கிறேன்.

வாலிபத்தில் நான் மைக் செட் கடையில் வேலை பார்த்தேன். இசைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். ஆனாலும் ஒரு கச்சேரிக் குழுவுக்கு ஒலிபெருக்கி கட்டப் போய், அவர்களோடேயே ஒட்டிக்கொண்டேன். மூன்றே பேர். பிடில் தேவசகாயம் அண்ணன் தரங்கம்பாடிக்காரர். லுத்தரன் கோயிலில் ஞானப்பாட்டுக்கு வாசித்தே வில் பழகியவர். அவர் இழுத்தால் தெம்மாங்குக்கும் கொஞ்சம் ஜெப வாசனை வந்துவிடும். மாண்டலின் காதர் பாய்க்கு முத்துப்பேட்டை. கடலுக்கு அந்தப் பக்கத்து வானொலியைக் கேட்டுக் கேட்டுத் தானாகக் கற்ற கை. தப்பு மாரியப்பன் குடவாசல் பக்கம், பண்ணைக் கூலிக் குடும்பம். சாவுக்கு அடித்துப் பழகி, பிறகு கூலி நெல்லை உயர்த்தக் கேட்ட செங்கொடி ஊர்வலங்களில் முன்னால் நின்று அடித்தவர். கோயிலும் வானொலியும் ஊர்வலமும் எப்படித்தான் அப்படிச் சேர்ந்ததோ, கேட்டவர்கள் இடத்தைவிட்டு நகர மாட்டார்கள்.

அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. வைக்கோலைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சும்போது மூவரும் சுற்றி உட்காருவார்கள். தோல் விறைத்து ஒலி ஏறியதும், அதற்குத்தான் பிடிலும் மாண்டலினும் சுருதி சேரும். அப்புறம்தான் மேடை.

ஆட்சி மாறிய புதிது. டீக்கடைக்கு டீக்கடை கறுப்பு சிவப்புக் கொடி பறந்தது. வயல்காட்டில் மட்டும் அதே பழைய சண்டை. அந்த நேரம் பார்த்து ஒரு மிராசுதார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனோம். சாயங்காலம், மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் தப்பு காய்ந்துகொண்டிருந்தது. காரியஸ்தர் வந்தார். அதே ஊரில் அந்த வருஷம் ஊர்வலத்தில் அடித்த ஆள் அல்லவா, மாரியப்பனை உடனே அடையாளம் தெரிந்துவிட்டது.

"மத்தவங்க மேடைக்கு வாங்க. சேரிக்காரன் மேல ஏறக் கூடாது, இங்கயே நின்னு அடிக்கட்டும். எசமான் சொல்லிட்டாரு."

மாரியப்பன் முகம் சுருங்கிவிட்டது. பந்தலில் தடியோடு ஆட்கள் வேறு நின்றார்கள். "நீங்க போங்கண்ணே. எதுக்கு வம்பு?" என்றார்.

தேவசகாயம் அண்ணன் எழுந்திருக்கவே இல்லை. "தப்பு எங்க இருக்கோ அங்கதாங்க எங்க கச்சேரி" என்று வில்லை எடுத்தார். காதர் பாய் இன்னும் கொஞ்சம் வைக்கோலை நெருப்பில் தள்ளிவிட்டு நன்றாகச் சம்மணம் போட்டார். அங்கேயே ஆரம்பித்துவிட்டார்கள். அடேயப்பா, என்ன நெஞ்சுரம்! நானோ ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன்.

காரியஸ்தர் என்னிடம் ஓடிவந்தார். "ரிக்கார்டைப் போடுடா. அந்தச் சத்தத்துல இவனுங்க அமுங்கிப் போகட்டும்."

"கரண்டு இல்லீங்க" என்றேன். என் தலைக்கு மேலே டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. நம்ம மூளை அவ்வளவுதான்.

கன்னத்தில் பளாரென்று விழுந்தது. விழட்டும். அதற்குள் சமையல்காரர்கள், பெண்டுபிள்ளைகள், கடைசியில் மாப்பிள்ளை வரை எல்லாரும் கொட்டகைப் பக்கம் வந்துவிட்டார்கள். மேடையில் விரித்த ஜமக்காளம் காலியாகக் கிடந்தது. அதற்கு எதிரே மிராசுதார் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மாரியப்பன் அன்றைக்கு அடித்த அடி இருக்கிறதே, இப்போது நினைத்தாலும் எனக்குக் கண் கலங்குகிறது.

அதற்கப்புறம் எந்தப் பெரிய வீட்டிலும் அவர்களைக் கூப்பிடவில்லை. குழு கலைந்தது. மூவருமே இன்று இல்லை. மாட்டுக்கொட்டகை இருந்த இடத்தில் பெட்ரோல் பங்க்.

கை கழுவிவிட்டு அந்தக் கீபோர்டுப் பையனிடம் போனேன். "தம்பி, இந்தத் தப்பைக் காய்ச்ச வேண்டாமா?"

அவன் சிரித்தான். "கரண்டு இருந்தாப் போதும் தாத்தா."

தப்புச் சத்தம் மேடையில்தான் இருந்தது, நட்ட நடுவில். யாரும் கீழே இறங்கச் சொல்லவில்லை. மாரியப்பன்தான் இல்லை.